நிலையான பணிக்கு நிலையற்ற பணியாளரா?

ஊர் விழிப்பதற்கு முன்னரே தெருக்கள் கூட்டப்படுகின்றன. குடிநீர்க் குழாய்களில் நீர் திறந்துவிடப்படுகிறது. அரசு மருத்துவமனையில் இரவெல்லாம் கண்விழித்த செவிலியர் தம் பொறுப்பைக் காலையில் வருபவரிடம் ஒப்படைத்துச் செல்கிறார். மின்கம்பத்தில் அறுந்த கம்பியை ஒருவர் இணைக்கிறார். பள்ளியில் மணி அடிக்கிறது. இப்பணிகள் நேற்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன, நாளையும் இருக்கும். ஆனால் இவற்றைச் செய்வோரிற் பலர், அடுத்த ஆண்டும் இதே பணியில் நாம் இருப்போமா என்னும் வினாவுக்கு விடை அறியாதவராகவே வாழ்கின்றனர். பணி நிலையானது, பணியாளர் மட்டும் நிலையற்றவர். அரசே இம்முறையைக் கைக்கொள்வது முறைதானா என்பதை நாம் நடுநிலையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெயர் பல, நிலை ஒன்று

அரசுப் பணியில் நிரந்தரம் அல்லாதோர் பல பெயர்களால் அழைக்கப்படுகின்றனர். நாட்கணக்கில் கூலி பெறுவோர் தினக்கூலிப் பணியாளர். படிகளும் ஆண்டு ஊதிய உயர்வும் இன்றி மாதம் ஒரே தொகை பெறுவோர் தொகுப்பூதியப் பணியாளர். கல்லூரிகளில் வகுப்பெடுத்து மதிப்பூதியம் பெறுவோர் கௌரவ விரிவுரையாளர். இவர்களை அரசுத் துறையே நேரடியாக அமர்த்துகிறது. இவர்களினும் ஒருபடி கீழே நிற்பவர் ஒப்பந்தத் தொழிலாளர். அவரை வேலைக்கு எடுப்பவரும் ஊதியம் தருபவரும் இடையில் நிற்கும் ஒப்பந்தக்காரரே. துறையின் கட்டடத்தில், துறையின் அலுவலர் இடும் ஆணைப்படி, துறையின் வேலையைச் செய்தாலும் துறையின் எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இராது.

பெயர்கள் வேறுபட்டாலும் நிலை ஒன்றே. பணிப் பாதுகாப்பு இல்லை. பதவி உயர்வு இல்லை. நோயுற்றால் ஊதியத்துடன் கூடிய விடுப்பு பெரும்பாலும் இல்லை. முதுமைக்கு ஓய்வூதியம் இல்லை. அருகிலேயே அமர்ந்து அதே வேலையைச் செய்யும் நிரந்தரப் பணியாளர் பெறுவதில் ஒரு பகுதியையே இவர் ஊதியமாகப் பெறுகிறார்.

சட்டம் கருதியது என்ன?

ஒப்பந்தத் தொழில்முறையின் தீமையை நம் சட்டம் இயற்றியோர் அறியாதவர் அல்லர். 1970ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் முழுப்பெயரிலேயே ‘முறைப்படுத்துதலும் ஒழித்தலும்’ என்னும் சொற்கள் இடம்பெற்றன. ஒரு வேலை ஆண்டு முழுவதும் நடைபெறும் நிலைத்த வேலையா, நிறுவனத்தின் பணிக்கு இன்றியமையாததா, வழக்கமாக நிரந்தரத் தொழிலாளரால் செய்யப்படுவதா, முழுநேரத் தொழிலாளர் பலரை அமர்த்தப் போதுமானதா என்பனவற்றை ஆராய்ந்து, அவ்வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்யும் அதிகாரத்தை அரசுக்கு அச்சட்டம் வழங்கியது. ஒப்பந்தக்காரர் ஊதியம் தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே அதனைத் தருதல் வேண்டும் எனவும் விதித்தது.

1982இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகள் நடைபெற்றபோது, ஒப்பந்தக்காரர்களிடம் வேலை செய்த தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியும் முறையாகக் கிட்டவில்லை என உச்ச நீதிமன்றத்தில் முறையிடப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குதல், அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே ஆகும் என நீதிமன்றம் உரைத்தது. ஒப்பந்தக்காரரைச் சுட்டிக்காட்டி அரசும் அதன் அமைப்புகளும் தம் பொறுப்பினின்று விலகிவிட இயலாது என்பதையும் அத்தீர்ப்பு தெளிவாக்கியது.

இன்றைய நிலை வேறு. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை அவற்றுள் ஒன்று எடுத்துக்கொண்டது. முன்னர் இருபது ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே சட்டம் பொருந்தும். இப்பொழுது ஐம்பதின்மர் இருத்தல் வேண்டும். நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தலாகாது எனப் புதிய சட்டம் சொல்வது உண்மையே. ஆயினும் துப்புரவு, காவல், உணவகம், தோட்டப் பராமரிப்பு போன்றவை, அந்நிறுவனம் அப்பணிக்கென்றே அமைக்கப்பட்டதாக இல்லாவிடின், மையப் பணிகள் அல்ல என அதே சட்டம் பட்டியலிடுகிறது. மிகக் குறைந்த கூலிக்கு மிகக் கடினமாக உழைப்போர் யாரோ, அவர்களே இப்பட்டியலால் காப்பின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர்.

நீதிமன்றங்கள் நடந்த பாதை

நீதிமன்றங்களின் பாதையும் நேர்க்கோடாக இருந்ததில்லை. ஒப்பந்த முறை ஒரு வேலையில் தடை செய்யப்பட்டால் அதிலிருந்த தொழிலாளர் முதன்மை நிறுவனத்தின் ஊழியராகிவிடுவர் என 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதனை மாற்றியது. தடை விதிக்கப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரம் ஆகிவிடமாட்டார் என்பது அப்புதிய தீர்ப்பின் சாரம். ஒப்பந்தத்தை ஒழித்தால் வேலையே போய்விடும் என்னும் நிலை தோன்றவே, தடை கோரும் துணிவும் தொழிலாளரிடம் குன்றியது.

2006இல் கருநாடக அரசுக்கும் உமாதேவிக்கும் இடையிலான வழக்கில் வந்த தீர்ப்பு அனைவரும் அறியத்தக்கது. முறையான தேர்வின்றிப் பின்வாசல் வழியாக நுழைந்தோர், நெடுநாள் பணியாற்றினார் என்பதொன்றையே காட்டி நிரந்தரம் கோர இயலாது. அது திறந்த போட்டிக்குக் காத்திருக்கும் இலட்சக்கணக்கான இளைஞரின் சமவாய்ப்பைப் பறிப்பதாகும் என அமர்வு கூறியது. இக்கருத்தில் நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பு, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்தாண்டுகளும் அதற்கு மேலும் பணியாற்றியோரை ஒருமுறை நடவடிக்கையாக வரன்முறை செய்யவும், இனி நிலையான இடங்களை முறையாக நிரப்பவும் அரசுகளுக்கு வழி சொன்னது. அரசுத் துறைகள் தீர்ப்பின் முற்பகுதியை இறுகப் பற்றிக்கொண்டன. பிற்பகுதியைப் பல இடங்களில் மறந்தன.

இம்மறதியை உச்ச நீதிமன்றமே பின்னர் கண்டித்தது. ஒரே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளர், நிரந்தரப் பணியாளருக்குரிய ஊதிய விகிதத்தின் தொடக்கநிலை ஊதியத்தையேனும் பெற உரியவர் என 2016இல் பஞ்சாப் மாநில வழக்கில் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில், மத்திய நீர்வள ஆணையத்தில் நீண்ட காலம் துப்புரவும் தோட்ட வேலையும் செய்து வெளியேற்றப்பட்டோரை வரன்முறை செய்ய ஆணையிட்டது. உமாதேவி தீர்ப்பைத் தொழிலாளருக்கு எதிரான கருவியாகப் பயன்படுத்தலாகாது எனவும் அப்போது சுட்டிக்காட்டியது. 2025 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச வழக்கொன்றில், நிதி நெருக்கடி என்னும் காரணத்தைக் காட்டி அடிப்படைப் பணிகளைச் செய்வோரின் தோள்மீது அரசு தன் வரவு செலவுச் சுமையை ஏற்றலாகாது என்னும் கருத்தை வலியுறுத்தியது.

தமிழகம் கண்டவை

பிற மாநிலத்தாரைக் குறைகூறி நாம் அமைதி கொள்ள இயலாது. நம் மாநிலத்தில் 1981ஆம் ஆண்டிலேயே முன்மாதிரியான ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தொழில் நிறுவனமொன்றில் 24 மாத காலத்துள் 480 நாட்கள் பணிபுரிந்தவர் நிரந்தரத் தகுதி பெறுவார் என அச்சட்டம் கூறுகிறது. மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளர் சிக்கலை ஆராய நீதிபதி காலித் தலைமையில் ஆணையம் அமைந்து, அதன்வழி ஆயிரக்கணக்கானோர் வாரியப் பணியில் ஈர்க்கப்பட்ட வரலாறும் நமக்குண்டு. மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு இவை சான்று.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. ஊராட்சிகளில் 1989-90இல் அமர்த்தப்பட்ட மக்கள் நலப் பணியாளர்கள் 1991இல் நீக்கப்பட்டனர். 1997இல் மீண்டும் சேர்க்கப்பட்டு 2001இல் நீக்கப்பட்டனர். 2006இல் சேர்க்கப்பட்டு 2011இல் மறுபடியும் நீக்கப்பட்டனர். ஆட்சி மாறும்தோறும் அவர்களது அடுப்பு அணைந்தது. இளமையில் சேர்ந்தவர் வழக்காடியே முதுமை எய்தினர். எந்தக் கட்சி சேர்த்தது, எந்தக் கட்சி நீக்கியது என்பது இங்கு நம் வாதமன்று. அரசின் வேலைக்கு அரசியல் காற்றின் திசையே ஆயுளை வகுக்குமாயின், அது பணியாளருக்கும் நன்றன்று. பணிக்கும் நன்றன்று என்பதே நம் கருத்து.

2012இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி முதலியன கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து 2024இல் அவர்கள் பெற்றது 12,500 ரூபாய். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய போட்டித் தேர்வில் வென்ற செவிலியர் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டனர். ஈராண்டில் காலமுறை ஊதியம் என்று சொல்லப்பட்டும், பலர் அதற்கு மேலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. இவர்கள் பின்வாசல் வழி வந்தோர் அல்லர். திறந்த தேர்வை எழுதி வந்தோர். உமாதேவி தீர்ப்பின் காரணம் இவர்களுக்கு எவ்வாறு பொருந்தும்?

கொரோனா பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில் பணிக்கு அழைக்கப்பட்ட செவிலியருள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31 உடன் விடுவிக்கப்பட்டனர். நோயாளியைத் தொட உறவினரும் அஞ்சிய நாளில் தொட்டுப் பணிசெய்த கைகள் அவை. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் 5, 6ஆம் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியார் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாட்கள் அமர்ந்திருந்தனர். ஆகஸ்டு 13 நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். அங்கு இருந்தோருட் பெரும்பாலோர் பெண்கள். நகரின் மிக எளிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

கல்லூரி மலரில் எழுதுகையில் கௌரவ விரிவுரையாளரை நாம் மறத்தல் இயலாது. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாயும் மாதத்துக்கு 50,000 ரூபாய் வரையும் வழங்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வழிகாட்டியது. நம் மாநில அரசுக் கல்லூரிகளில் அதிற் பாதியை எட்டுவதற்கே ஆண்டுகள் பல ஆயின. அதுவும் ஆண்டில் பதினொரு மாதங்களுக்கு மட்டுமே. பன்னிரண்டாம் மாதத்தில் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தவர் என்ன உண்பார் என்னும் வினாவை எந்த அரசாணையும் எழுப்புவதில்லை. முனைவர் பட்டமும் தகுதித் தேர்வுச் சான்றும் கையிலிருந்தும், தம் மாணவரைவிடக் குறைந்த ஊதியம் பெறும் ஆசிரியர்கள் நம்மிடையே உள்ளனர்.

மறுதரப்பார் கூறுவன

இம்முறையை ஆதரிப்போர் மூன்று காரணங்களைக் கூறுவர். முதலாவது, செலவு குறைகிறது என்பது. ஒப்பந்தக்காரர் இலாபமின்றி எவ்வேலையையும் ஏற்கமாட்டார். சட்டப்படியான கூலி, வருங்கால வைப்பு நிதிக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு மூன்றேகால் ஆகியவற்றையும் செலுத்தித் தமக்கு இலாபமும் எடுத்த பின்னரும் செலவு குறைகிறது எனில், குறைந்தது எது? பணியாளரின் ஊதியமும் உரிமையுமே அன்றோ? ஒப்பந்தக்காரர் மாறும்தோறும் அதே தொழிலாளர் புதியவராகக் கணக்கிடப்படுவதால், ஐந்தாண்டுத் தொடர் பணிக்குரிய பணிக்கொடையும் கைநழுவுகிறது. ஆகவே மிச்சமானது அரசின் திறமையால் அன்று. ஏழையின் வயிற்றிலிருந்து எடுத்தது.

இரண்டாவது, நிரந்தரப் பணியாளர் சோம்பியிருப்பர். ஒப்பந்தப் பணியாளர் அஞ்சி உழைப்பர் என்பது. அரசு அலுவலகங்களில் மெத்தனம் உண்டு என்பதை மறுப்பார் எவருமிலர். அதற்கு மருந்து கண்காணிப்பும் ஒழுங்கு நடவடிக்கையும் காலத்தே செய்யும் இடமாற்றமும் ஆகும். அச்சத்தால் வாங்கும் உழைப்பில் வேறொரு கேடும் உண்டு. முறையற்ற ஆணையை மறுக்கும் துணிவு, வேலை நிலைத்தவருக்கே இயல்பாக வாய்க்கும். தகுதியற்றவர் பெயரைப் பட்டியலில் சேர் என மேலிருந்து ஒருவர் சொன்னால், நாளையே வெளியேற்றப்படத்தக்க பணியாளர் எவ்வாறு மறுப்பார்? அரசு ஊழியருக்கு அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு தந்த காப்பு ஊழியர் நலனை மட்டும் கருதித் தந்ததன்று. அச்சமின்றிக் கடமையாற்றும் ஊழியர் பொதுமக்களுக்குத் தேவை என்பதாலும் தந்தது.

மூன்றாவது, சில பணிகள் குறுகிய காலத்துக்கே தேவை என்பது. இதனை நாம் ஏற்கிறோம். கணக்கெடுப்பு, வெள்ள நிவாரணம், ஒரு கட்டடம் எழுப்புதல் போன்றவற்றிற்குத் தற்காலிகப் பணியாளரை அமர்த்துவது முறையே. ஆனால் குப்பை அள்ளுவதும் நோயாளியைக் காப்பதும் குழந்தைக்குக் கற்பிப்பதும் எந்த ஆண்டில் முடிவுறும் பணிகள்?

இழப்பு யாருக்கு?

இழப்பு தொழிலாளரோடு நிற்பதில்லை. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி ஒருவர் மாண்டால், துறை ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தக்காரர் மேற்பார்வையாளரைக் காட்டுவார். 2013இல் கையால் கழிவு அகற்றுதலைத் தடைசெய்யும் சட்டம் வந்தும் சாவுகள் நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இறந்தோர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்த்தியது. வெளிநிறுவனங்களிடம் வேலையை ஒப்படைக்கும்போதும் அரசின் பொறுப்பு நீங்காதபடி விதிகள் வகுக்குமாறும் பணித்தது. பொறுப்பு பலர் கைமாறும் இடத்தில் உயிர்தான் முதலில் மலிவாகிறது.

இன்னோர் இழப்பு, சமூக நீதியைப் பற்றியது. தமிழகத்தில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு சட்டப் பாதுகாப்புடன் நிலைபெற்றுள்ளது. அதனுள் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு உண்டு. அரசுப் பணிகளில் முஸ்லிம்களின் பங்கு அவர்தம் மக்கள்தொகைப் பங்கினும் மிகக் குறைவு என 2006இல் சச்சார் குழு எடுத்துரைத்ததை நம் சமுதாயப் பெரியோர் நன்கு அறிவர். இவ்வுரிமைகள் யாவும் அரசு தானே ஆள் எடுக்கும்போது மட்டுமே உயிர்பெறுவன. ஒப்பந்தக்காரர் ஆள் சேர்க்கும் இடத்தில் இனச்சுழற்சிப் பட்டியல் இல்லை, தேர்வாணையம் இல்லை, மேல்முறையீடு இல்லை. நிரந்தரப் பணியிடம் ஒன்று ஒப்பந்தமாக மாறும்போது, அதற்குரிய இட ஒதுக்கீடும் ஓசையின்றி மறைகிறது. ஒதுக்கீட்டின் அளவுக்காகப் போராடும் சமுதாயங்கள், ஒதுக்கீடு செய்வதற்கு இடம் எஞ்சியுள்ளதா என்பதையும் கேட்டல் வேண்டும்.

செய்யத்தக்கன

குறையைக் கூறி நிற்பது முறையன்று. வழியும் கூறுதல் வேண்டும். ஒவ்வோர் அரசுத் துறையும் தன் பணிகளை நிலைத்த பணி, தற்காலிகப் பணி எனப் பகுத்து, நிலைத்த பணியில் உள்ள காலியிடங்களை ஆண்டுதோறும் வெளியிடுதல் வேண்டும். அவ்விடங்களைத் திறந்த தேர்வின் வழியே, இட ஒதுக்கீட்டின்படி நிரப்புதல் வேண்டும். ஏற்கெனவே பணியாற்றி வருவோருக்கு வயது வரம்பில் தளர்வும், பணியாற்றிய ஆண்டுகளுக்கேற்ற கூடுதல் மதிப்பெண்ணும் தரலாம். இதனால் காத்திருக்கும் இளைஞரின் வாய்ப்பும் காக்கப்படும். உழைத்தவரின் ஆண்டுகளும் வீணாகா. நிரந்தரம் ஆகும்வரை, சமவேலைக்குச் சமஊதியம் என்னும் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பை வழக்கின்றியே நடைமுறைப்படுத்துதல் வேண்டும். ஒப்பந்தம் தவிர்க்க இயலாத இடங்களில், ஊதியம் தொழிலாளரின் வங்கிக் கணக்கிற்கே செல்லவும், வைப்பு நிதி செலுத்திய சான்றின்றி ஒப்பந்தக்காரருக்குத் தொகை விடுவிக்கப்படாதிருக்கவும் துறைத் தலைவரே பொறுப்பேற்றல் வேண்டும்.

அரசுக்குச் சொல்லும் இந்நீதி கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். அரசு உதவி பெறும் பிரிவில் ஓர் ஊதியம், சுயநிதிப் பிரிவில் வேறோர் ஊதியம் எனத் தமிழகக் கல்லூரிகளில் ஒரே கூரையின்கீழ் இருவகை ஆசிரியர் பணியாற்றுவதை நாம் அறிவோம். நிறுவனங்களின் வருவாய்க்கு வரம்புண்டு என்பதும் உண்மையே. எனினும் நிறுவனங்களை நடத்தும் சமுதாயப் பெரியோர், தம் ஆற்றலுக்கு இயன்ற அளவில் இவ்விடைவெளியைக் குறைக்க முன்வருவாராயின், அரசை நோக்கி நீதி கேட்கும் நம் குரலுக்கு வலிமை கூடும்.

மாணவச் செல்வங்களே! நாளை நீவிர் பட்டம் பெற்று வேலை தேடிச் செல்வீர். உங்களுட் சிலர் அரசு அலுவலராகி, கோப்புகளில் கையொப்பமிடும் நிலைக்கும் உயர்வீர். ஒரு பணியிடத்தை நீக்கி ஒப்பந்தத்துக்கு விடும் கோப்பு அன்று உங்கள் மேசைக்கு வரக்கூடும். அதில் எண்கள் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். மனிதர் பெயர் இராது. அவ்வெண்களுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் அடுப்பும் ஒரு குழந்தையின் பள்ளிக் கட்டணமும் இருப்பதை நினைந்து, கேட்கவேண்டிய வினாவைக் கேட்டபின் கையொப்பமிடுவீராக. இப்பணி நாளையும் இருக்குமா? இருக்குமெனில், அதனைச் செய்பவர் மட்டும் ஏன் நாளை இருத்தலாகாது?